ஷோகேஸைத் திறந்துவிடுங்கள்

நீங்கள் கேட்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டில்லி துவாரகாவில் இருக்கிறீர்கள், வயது 38. காலமான அத்தையின் பீங்கான் டீ செட் உங்களிடம் வந்திருக்கிறது: 12 கோப்பைகள், 12 சாசர்கள், தங்க விளிம்பு. வீட்டில் இன்னும் படிக்காத புத்தகங்கள் 300க்கு மேல். இரவு மகள் தூங்கிய பிறகு டிராகனும் மந்திரமும் நிறைந்த தொடர்களைப் பார்ப்பது உங்களுக்குப் பிடித்தமானது. இந்த மூன்றையும் வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் மாற வேண்டுமா, அந்தக் கோப்பைகளைத் தினமும் எடுக்கலாமா, சைவ வீட்டில் அவற்றைப் புழங்கலாமா, ஒன்பது வயது மகள் கையில் கொடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

மாற வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கோப்பையைத் தொடப் பயப்படுகிறீர்கள். புத்தகத்தைக் கண்டால் கடன்காரரைக் கண்டதுபோல் தலை குனிகிறீர்கள். தொடரை ஒளிந்துகொண்டு பார்க்கிறீர்கள். மூன்றையும் ஒரே தராசில் வைத்து, 'உபயோகமா, வீணா' என்று நிறுத்துப் பார்க்கிறீர்கள். என் அனுபவத்தில் இவை மூன்றும் காலத்தோடு வெவ்வேறு உறவு கொண்டவை. கோப்பை இன்றைக்கே கைக்கு வர வேண்டியது. புத்தகம் காத்திருக்கத் தெரிந்தது. தொடர், அதற்கென்று நாளும் நேரமும் ஒதுக்கி நிதானமாகக் கேட்க வேண்டிய கதை. இந்த வேறுபாடு மனதில் பட்டுவிட்டால் குற்ற உணர்வு பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

எனக்கு இது பட்ட கதையைச் சொல்ல வேண்டும். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. நாங்கள் டில்லி ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தோம். முன்னறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஷோகேஸ். மேல் தட்டில் அப்பாவின் பைண்டு செய்த புத்தகங்கள், நடுவில் டி.வி., கீழே கண்ணாடிக் கதவுக்குள் அம்மாவின் டீ செட். வெள்ளையில் சின்னச் சின்ன நீலப் பூக்கள், விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு. 1987 ஜனவரி 25ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் எங்கள் முன்னறை சத்திரமாக மாறியது. பக்கத்து வீட்டுக் கடுவாலிக் குடும்பம், மாடி வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி, எதிர்வீட்டுத் திருநெல்வேலி மாமா, மாமி, எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். திரையில் இரண்டு அம்புகள் ஒளி வீசிக்கொண்டு வந்து நடுவானில் மோதும்போது பஞ்சாபிப் பாட்டி கைகூப்புவார். அத்தனை பேருக்கும் அம்மா எவர்சில்வர் டம்ளரில்தான் காபி கொடுப்பார். அவர்கள் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி, கண்ணாடிக்குள் அந்த டீ செட் இருந்தது. 'விருந்தாளி வந்தால் எடுக்கலாம்' என்பது அம்மாவின் பேச்சு. ஞாயிறுதோறும் வந்த இருபது பேரும் விருந்தாளிகள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா போன பிறகு ஷோகேஸை நான்தான் காலி செய்தேன். ஒரு கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே டீக்கறையின் நிழல்கூட இல்லை. தங்கக் கோடு கடையிலிருந்து வந்த நாளைப்போல முழுதாக இருந்தது. ஒரு சாசரின் அடியில் விலைச்சீட்டு பழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்லை. நாள்தோறும் புழங்கும் கோப்பையில் தங்கக் கோடு உதடு படும் இடத்தில் மெல்ல மெல்லத் தேயும். அந்தத் தேய்மானத்தில் ஒரு மனிதரின் காலைப் பொழுதுகள் இருக்கும். அம்மாவின் கோப்பையில் ஒரு காலைகூட இல்லை.

ஆகவே உங்கள் அத்தையின் செட்டை எடுங்கள் என்பதுதான் என் பதில். எப்படி எடுப்பது என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அது என்ன வகை என்று பாருங்கள். கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் முத்திரை இருக்கும். எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானான போன் சைனா என்றால் பெரும்பாலும் அப்படியே அச்சிட்டிருப்பார்கள். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆட்சியில் இருந்த 1945-1952 காலத்தில் ஏற்றுமதியானது என்று புரிந்துகொள்ளலாம். முத்திரை அழிந்திருந்தால் கோப்பையைச் சாளர வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். போன் சைனா என்றால் விரலின் நிழல் பீங்கானின் ஊடே தெளிவாகத் தெரியும், வெண்மையில் லேசாகப் பாலாடை நிறம் இருக்கும். சாதாரணப் பீங்கானில் வெண்மை சற்று நீலம் அல்லது சாம்பல் சாயலில் இருக்கும். விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். கணீரென்று ஒலி நீண்டு ஒலித்தால் நல்ல உடல்நிலையில் இருக்கிறது. 'டக்' என்று மொட்டையாக ஒலித்தால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறது. அந்தக் கோப்பையை ஒதுக்கி வையுங்கள்.

சைவ வீட்டில் இதைப் புழங்கலாமா என்று உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. போன் சைனா என்பது பெயருக்கு ஏற்றாற்போல் எலும்புச் சாம்பல் சேர்ந்ததுதான். 1790களில் இங்கிலாந்தின் ஸ்டோக் பகுதியில் ஜொசையா ஸ்போடின் பட்டறையில் உருவான கலவை இன்றும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. எடையில் பாதி கால்நடை எலும்பைச் சுட்டெடுத்த சாம்பல், மீதி வெள்ளைக் களிமண்ணும் சீனக்கல்லும். சுமார் 1000 டிகிரி வெப்பத்தில் எலும்பு எரிந்து கால்சியம் பாஸ்பேட் என்ற வெண்பொடியாகிவிடுகிறது. மாமிசமோ கொழுப்போ அதில் இராது. ஆனாலும் அது எங்கிருந்து வந்தது என்பதுதான் ஒருவருக்கு முக்கியம் என்றால் அந்த உணர்வோடு வாதிடக் கூடாது என்பது என் கட்சி. உங்கள் செட் வெறும் பீங்கானாக இருந்தால் பிரச்சினையே இல்லை. அதில் களிமண், படிகக்கல், பெல்ஸ்பார் என்ற கனிமம் ஆகியவைதான். போன் சைனாவாக இருந்தால் மாமியாருக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரோ வேறு பீங்கான் கோப்பையோ வையுங்கள். எலும்புச் சாம்பல் சேராத மெல்லிய பீங்கான் செட்டுகள் இப்போது நம் நாட்டிலேயே செய்து விற்கிறார்கள்.

என் பாட்டி வீட்டுச் சமையலறைக்குள் பீங்கான் தட்டும் கோப்பையும் நுழையாது. மண்பாண்டத்தைப்போல் எச்சில் பட்டால் போகாது என்பது அவர் கணக்கு. அதே பாட்டி மாவடுவையும் நார்த்தங்காயையும் ஊறப்போட்டது பீங்கான் ஜாடியில்தான். ஜாடியில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அதனால் அதற்கு அனுமதி. டம்ளரைத் தூக்கிக் குடித்த வீடுகளில் கோப்பை ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தது. வாய் வைத்து, மிடறு மிடறாக, நிறுத்தி நிறுத்திக் குடிக்க வேண்டியிருந்தது. அதன் இன்பம் அந்த நிதானத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மெல்லிய விளிம்பு உதட்டில் படுவதே தெரியாது; காபி மட்டும் தெரியும்.

இந்தப் பீங்கான் நமக்கு அந்நியம் என்றும் சிலர் சொல்வார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இங்கே டில்லியிலேயே பிரோஸ் ஷா கோட்லாவில் 1960களில் 14ஆம் நூற்றாண்டு சீனத்து நீலமும் வெள்ளையுமான பாத்திரத் துண்டுகள் கிடைத்தன. துக்ளக் அரண்மனையில் புழங்கியவை. மலாய்க்காரர்கள் தட்டைப் 'பிங்கான்' என்கிறார்கள். பாரசீகத்திலிருந்து கிளம்பிய அந்தச் சொல்லே நம்மிடம் பீங்கான் ஆயிற்று. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் கடற்கரையில் இறங்கிய சரக்கு இது.

இனிக் கோப்பைகளைப் பேணும் முறை. டில்லிக் குளிர்தான் இவற்றுக்கு முதல் எதிரி. ஜனவரியில் காலை ஆறு மணிக்கு அலமாரியில் இருக்கும் கோப்பை பனிக்கட்டியைப்போல் இருக்கும். அதில் கொதிக்கும் காபியை ஊற்றினால் உள்பக்கம் சட்டென்று விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, விரிசல் விழும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு காபியை ஊற்றுங்கள். காபியும் சீக்கிரம் ஆறாது. தங்க விளிம்புள்ளதை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. நான் ஒருமுறை மறதியாக வைத்தேன். நீலப்பொறி பறந்து, தங்கக் கோட்டில் ஒரு விரற்கடை கருகிப் போயிற்று. அது திரும்பி வரவில்லை.

கழுவும்போது தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள். மென்மையான பஞ்சு, மிதமான சோப்பு, வெதுவெதுப்பான நீர் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் தங்கம் சில மாதங்களில் போய்விடும். எவர்சில்வர் கரண்டியால் அழுத்திக் கலக்கினால் உள்ளே சாம்பல்நிறக் கோடுகள் விழும். அது கீறல் இல்லை. பீங்கானின் மேற்பூச்சு எவர்சில்வரைவிடக் கடினம் என்பதால் கரண்டியின் உலோகம்தான் தேய்ந்து அதன்மேல் ஒட்டியிருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து விரலால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். டீக்கறைக்கும் அதுவே மருந்து. உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைப் படலத்துக்கு எலுமிச்சைச் சாறு உதவும். ஆனால் வண்ணமோ தங்கமோ இல்லாத வெள்ளைப் பகுதியில் மட்டும் தடவி, உடனே கழுவிவிடுங்கள்.

பழைய செட் என்பதால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். வண்ணப்பூக்கள் கோப்பையின் வெளிப்புறத்தில், உதடு படாத இடத்தில் இருந்தால் கவலை குறைவு. உட்புறத்திலும் வண்ணம் தீட்டியிருந்தாலோ, மேற்பூச்சு வலைபோல் வெடித்திருந்தாலோ அதில் எலுமிச்சை டீயும் புளிப்பான எதுவும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம். முறுக்கோ முந்திரியோ வைக்க அது போதும்.

அலமாரியில் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காதீர்கள், கைப்பிடியில் கொக்கி மாட்டித் தொங்கவிடாதீர்கள். கைப்பிடி தனியாகச் செய்து ஒட்டப்பட்டது; கோப்பையில் பலவீனமான இடம் அதுதான். சாசர்களுக்கிடையே மெல்லிய துணியோ வெள்ளைத் தாளோ வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். டில்லி நிலநடுக்க ஆபத்து அதிகமுள்ள பகுதியில் இருக்கிறது. ஷோகேஸைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். புத்தக அலமாரிக்கும் இதே விதி. நிறையப் புத்தகம் ஏற்றிய அலமாரி சாய்ந்தால் ஆள் தாங்க மாட்டார்.

புத்தகத்துக்கு வருகிறேன். இது என் தொழில். மத்திய அரசு நூலகம் ஒன்றில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 'இவ்வளவையும் படித்துவிட்டாயா?' என்று உங்களைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் செய்தி ஒன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969இல் வாங்கிய நூல்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் 6 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்களும் பேராசிரியர்களும் புழங்கும் நூலகத்தின் நிலை இது. உங்கள் வீட்டில் வாசகர் நீங்கள் ஒருவர்தான். 300 புத்தகம் காத்திருப்பதில் என்ன அதிசயம்?

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு 5 விதிகள் வகுத்தார். பின்னாளில் 1947 முதல் சில ஆண்டுகள் இங்கே டில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தவர். அவருடைய முதல் விதி, 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. இதைச் சொல்லி உங்களை யாராவது மடக்கலாம். மூன்றாவது விதியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்: 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்'. வாசகர் வரும்வரை நூல் இருக்க வேண்டும் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த வாசகர் நாற்பத்தைந்து வயதில் வரப்போகிற நீங்களாக இருக்கலாம், பதினெட்டு வயதில் வரப்போகிற உங்கள் மகளாகவும் இருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுக்கத் தமிழ் நூலும் இதழும் நாடக நோட்டீசும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. அவை சென்னையில் இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அத்தனையும் அவர் படித்திருக்க முடியாது. அவர் சேர்த்திராவிட்டால் பல நூல்கள் நம் கண்ணிலேயே பட்டிருக்காது.

வாங்கிப் படிக்காமல் அடுக்கிவைப்பதற்கு ஜப்பானியர்கள் 'ட்சுண்டோகு' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அதில் வசைத்தொனி கிடையாது. நம் மொழியில் அப்படியொரு சொல் இல்லாதது எனக்குக் குறையாகவே தெரிகிறது.

ஆனால் காத்திருக்கும் புத்தகத்துக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதைகள் உண்டு. வாங்கிய அன்றே முதல் தாளின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி, இடம், ஏன் வாங்கினீர்கள் என்ற ஒரு வரி, இவற்றை எழுதுங்கள். 'ஆசப் அலி சாலை மகிளா ஹாட், ஞாயிறு, மழை. உள்ளே இருந்த வரைபடத்துக்காக' என்று என் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. டில்லி தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019இல் அங்கே இடம் மாறிய பிறகு வாங்கியது. எட்டு மாதம் கழித்து அதை எடுத்தபோது அந்த ஒரு வரிதான் என்னை உள்ளே இழுத்தது. அன்றிரவே முதல் இருபது பக்கத்தைப் படித்துவிட்டும் வையுங்கள். அறிமுகமான புத்தகம் காத்திருப்பது வேறு, முகமே தெரியாத புத்தகம் காத்திருப்பது வேறு. படிக்காதவற்றைப் படித்தவற்றோடு கலக்காமல், கண் மட்டத்தில் தனித் தட்டில் வையுங்கள். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் போடுவதைத்தான் நான் வீண் என்பேன். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தட்டின் முன் உட்கார்ந்து, எந்தப் புத்தகம் உங்களைக் கூப்பிடவே இல்லையோ அதைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ ஒரு பள்ளிக்கோ கொடுத்துவிடுங்கள்.

மே, ஜூனில் அடிக்கும் ஆந்தி என்ற புழுதிப்புயலுக்குப் பிறகு ஒவ்வொரு புத்தகத்தின் மேல் விளிம்பிலும் தூசி ஒரு நூல் கனத்துக்குப் படிந்திருக்கும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிப்புறமாக மென்தூரிகையால் துடையுங்கள். திறந்து உதறினால் தூசி உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்திருந்தால் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்று ஓடட்டும். ராமபாணப் பூச்சிக்குப் பைண்டிங் பசையின் மாவுச்சத்து என்றால் உயிர். ஓலைச்சுவடிக்கு நம்மவர்கள் வைத்த வசம்பும் வேப்பிலையும் அலமாரி மூலையில் இன்றும் பலன் தரும். ஏற்கெனவே பூச்சி புகுந்த புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள். இல்லாவிட்டால் தாளில் ஈரம் பூக்கும்.

தொடர்களைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் மாயக்கதை கேட்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எப்போது சொல்லத் தொடங்கினோம்? திரௌபதி அம்மன் கோயில்களில் நாள்கணக்காகப் பாரதம் படிக்கிறார்கள். இரவெல்லாம் கூத்து நடக்கிறது. பேரக்குழந்தை மடியில் தூங்க, விடிய விடிய விழித்திருந்து பார்ப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான்.

டிராகன்கள் வரும் ஆங்கிலத் தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பற்றியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். 2011 முதல் 2019 வரை 8 பருவங்கள், 73 பகுதிகள். அதை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டு, முடிந்ததும் மனம் வெறுமையாகிவிட்டது என்கிறீர்கள். தொடரின் குறை இல்லை அது, வேகத்தின் விளைவு. வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் 73 வாரம், ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் இருக்கும் ஆறு நாளில்தான் கதை உங்களுக்குள் வளரும். ராமாயணத்தின் ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடையே எங்கள் குடியிருப்பே அடுத்தது என்ன என்று பேசிக்கொண்டிருந்தது, இத்தனைக்கும் எல்லோருக்கும் கதை தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை இரவை ஒதுக்குங்கள். ஒளிந்து பார்க்காமல், இது என் நேரம் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள். வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் குதிரைக் கூட்டத்தார் பேசும் மொழிக்கு டேவிட் பீட்டர்சன் என்ற மொழியறிஞர் இலக்கணத்தோடு உருக்கொடுத்தார். காது கொடுத்துக் கேட்டால் அதன் ஓட்டம் பிடிபடும். கையில் கைபேசி வேண்டாம், கோப்பை இருக்கட்டும்.

2019 மே மாதம் அதே தொடரின் ஒரு விருந்துக் காட்சியில் இந்தக் காலத்துக் காபிக் கோப்பை ஒன்று மேசைமேல் மறந்துபோய் நின்றுவிட்டது. உலகெங்கும் பார்வையாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள், பிறகு தயாரித்தவர்கள் அதைக் கணினியில் அழித்தார்கள். அவ்வளவு கூர்ந்து பார்க்கிறவர்களைப் பொழுதைக் கொல்கிறவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

புத்தகத்தைப்போல் தொடர் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 மார்ச் 31க்குப் பிறகு, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எடுத்த எச்.பி.ஓ. நிறுவனத்தின் தொடர்கள் இந்தியாவில் இருந்த இணையத் தளத்தைவிட்டு நீங்கி வேறு தளத்துக்குப் போயின. 'பிறகு பார்க்கலாம்' என்ற பட்டியலை நீளவிட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூல நாவல்களை முதலில் படிப்பதா, தொடரை முதலில் பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். தொடர் முதலில் என்பது என் பரிந்துரை. அந்த நாவல் வரிசையில் முதல் பாகம் 1996இலும் ஐந்தாவது 2011இலும் வந்தன. தொடர் அவற்றைத் தாண்டிச் சென்று தன் வழியில் முடிந்துவிட்டது. உங்கள் அலமாரியில் படிக்காமல் நிற்கும் அந்த ஐந்து பாகங்களில், தொடரில் வராத கதைகள் இன்னும் உங்களுக்குக் காத்திருக்கின்றன.

நம்மிடமே ஒரு பாத்திரத்தின் மாயக்கதை இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனுக்கு மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபி எத்தனை பேருக்கு அள்ளி வழங்கினாலும் குறையாது. பாண்டி நாட்டில் மழை பெய்து பசி நீங்கியதும் ஏற்பதற்கு ஆள் இல்லை. சாவகத்தில் பசி என்று கேட்டுக் கப்பல் ஏறியவன் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். பலர் உண்ண வேண்டிய பாத்திரத்தில் தான் ஒருவன் மட்டும் உண்பதா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாமலே உயிர் துறந்தான். ஆண்டுக்கு ஒரு நாள் மேலே வந்து தோன்று என்று சொல்லி விட்ட பாத்திரம் அது. பின்னாளில் மணிமேகலையின் கைக்கு வந்தது. புழங்காத பாத்திரத்தைப் பற்றி இதைவிட வேதனையாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை ஒரு வெள்ளிக்கிழமை இரவு உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

அவள் கையில் கோப்பையைக் கொடுக்கலாமா என்பது மீதியிருக்கிறது. கொடுங்கள். உள்ளே வண்ணம் இல்லாததாகப் பார்த்து, முதலில் அரைக் கோப்பை வெதுவெதுப்பான பால். சாசரை இரண்டு கையாலும் ஏந்தச் சொல்லுங்கள். மேசையில் வைத்த பிறகு ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கோப்பையின் வயிற்றிலும் இருக்கட்டும். கழுவும்போது கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உடலைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள். நான் என் மகனுக்கு அம்மாவின் கோப்பையைக் கொடுத்தபோது அவனுக்கு எட்டு வயது. பதினோரு ஆண்டுகளில் மூன்று உடைந்தன, அதில் இரண்டை உடைத்தவள் நான். மீதி ஒன்பதும் இன்றைக்கும் சமையலறை மேடையில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. அவன் எடுக்கும் கோப்பையின் கைப்பிடியை நம் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தால், வலது பக்கமாகத் தங்கக் கோடு மங்கத் தொடங்கியிருக்கிறது. அவன் இடதுகைக்காரன்.